கல்வீடும் சீதன உறுதியும்

யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பத்தின் வசதியைச் சொல்ல நீட்டி முழக்கத் தேவையில்லை. "அவைக்குக் கல்வீடு" என்றால் போதும். ஓலைவீடு, மண்வீடு, கல்வீடு என்று மூன்று படிகள். மூன்றாவது படியில் ஏறியவர் பிறகு இறங்க மாட்டார் என்பது அந்த நாளைய நம்பிக்கை.

சோனகத் தெருவுக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் எங்களுக்கும் ஒரு கல்வீடு இருந்தது. உம்மாவின் மூத்தவாப்பா 1936இல் கட்டியது. பட்டணத்தில் இரும்புக்கடை வைத்திருந்தவர் அவர். வீட்டுக்கு முன்னால் கிணறு வெட்டினாராம். குடாநாட்டில் கிணறு வெட்டுவதென்றால் மண் தோண்டுவதல்ல, கல் உடைப்பது. நிலம் முழுக்கச் சுண்ணாம்புக் கல். தண்ணீர் காணும்வரை உடைத்தெடுத்த கல்லே சுவருக்கும் போதுமானதாக இருந்தது என்று உம்மம்மா பெருமையாகச் சொல்வா. "கிணத்துக்குள்ள இருந்துதான் எங்கட வீடு வந்த" என்பா. கல்லையும் சிப்பியையும் சூளையில் சுட்டெடுத்த சுண்ணாம்பில் சாந்து. வைரம் பாய்ந்த பனையில் வளையும் கைமரமும். மேலே பீலி ஓடு. நடு அறைச் சுவரில் ஒரு விளக்கு மாடம். மின்சாரம் வந்த பிறகும் மஃரிபு நேரம் உம்மம்மா அதில் ஒரு கைவிளக்கை ஏற்றி வைப்பா. அந்த மாடத்தின் மேல் விளிம்பு எந்நேரமும் கரி பிடித்திருக்கும்.

எங்கள் பேச்சில் எத்தனை பேர் வந்து தங்கிப் போயிருக்கிறார்கள் என்பது சின்ன வயதில் தெரியாது. வாப்பா 'கந்தோருக்கு'ப் போனார். முன்பக்கம் 'இஸ்தோப்பு'. உம்மாவின் நகையும் உறுதியும் அலுமாரி 'லாச்சி'க்குள். கந்தோர், இஸ்தோப்பு, லாச்சி எல்லாம் ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்கள். அலுமாரியும் கதிரையும் போர்த்துக்கேயர் தந்தவை. 1658இல் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் 1795இல் ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுடைய சொற்கள் எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டன. வந்தவர்கள் போனார்கள், நாங்கள் இருந்தோம் என்றுதான் நினைத்திருந்தோம்.

1990 ஒக்டோபர் 30. செவ்வாய்க்கிழமை. எனக்குப் பதினான்கு வயது. காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஆண்களையெல்லாம் ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். துவக்கு வைத்திருந்த பெடியன் ஒருவன் எழுதி வைத்ததை வாசிப்பவன்போலச் சொன்னான்: இரண்டு மணித்தியாலத்துக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும். ஏன் என்று கேட்ட பெரியவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. வாப்பா வீட்டுக்கு வந்து சொன்னபோது உம்மா அடுப்பை அணைக்கவில்லை. உலையில் அரிசி கிடந்தது. "வந்து வடிக்கலாம்" என்றா. அந்த ஒரு வார்த்தையை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் விஷயம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஐந்து சந்தியில் சோதனை. காசு, நகை, பையில் இருந்தவை எல்லாம் பறிபோயின. சில நூறு ரூபாயோடுதான் ஒவ்வொரு குடும்பமும் போகலாம். பலரிடம் உறுதிகளையும் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் உறுதி தப்பியது. பத்து மாதப் பிள்ளையான தங்கச்சியைச் சுற்றியிருந்த துணிக்குள் உம்மா அதை மடித்து வைத்திருந்தா. பிள்ளை நனைத்துவிட்டதில் ஒரு மூலையில் மை கலங்கிப்போனது. அந்தக் கறை இன்றைக்கும் இருக்கிறது. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் அந்த நாட்களில் துரத்தப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். நாங்கள் புத்தளத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில், ஓலைக் கொட்டிலில் இறங்கினோம். கல்வீட்டிலிருந்து ஓலைவீட்டுக்கு. மூன்றாவது படியிலிருந்து ஒரே நாளில் முதலாவது படிக்கு.

2002இல் யுத்தநிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தபோது வாப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குக் கூரையில்லை. கதவு நிலைகள் இல்லை. நடு அறையில் ஒரு முருங்கை மரம் எங்களைவிட உயரமாக நின்றது. பின்வளவில் துணி தோய்த்துக்கொண்டிருந்த அயல்வீட்டு அம்மா வாப்பாவை அடையாளம் கண்டு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. எங்கள் வீட்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம் இருந்ததாம். அவர்கள்தான் கூரையைப் பார்த்துக்கொண்டார்களாம். 1995இல் அவர்களும் ஓட வேண்டி வந்தது. அந்தத் தேதியைச் சொன்னபோது வாப்பா நிலத்தில் குந்திவிட்டார். 1995 ஒக்டோபர் 30. வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் செம்மணி வெளியைத் தாண்டி நடந்த நாள். எங்களுக்கு நடந்து சரியாக ஐந்து வருஷம். எங்கள் அடுப்பில் அவர்களுடைய உலையும் அப்படியே கிடந்திருக்கலாம்.

வாப்பா 2008இல் மௌத்தானார். யுத்தம் முடிந்து பாதை நிரந்தரமாகத் திறந்ததை அவர் பார்க்கவில்லை. உம்மா பார்த்தா, ஆனால் போகவில்லை. "கூரை போட்டிட்டுச் சொல்லுங்க, வாறன்" என்பா. கூரை போட எங்களால் முடியவில்லை. புத்தளத்தில் பிள்ளைகளின் படிப்பு, கொழும்பில் காக்காவின் வியாபாரம், கடன். திரும்பிப் போனவர்கள் எங்கள் சனத்தில் ஒரு பகுதியினர்தான். போனவர்களும் கந்தோர் கந்தோராக ஏறி, தாங்கள் அந்த ஊரவர்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. உம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு காக்கா ஒரு நாள் தொலைபேசியில் கேட்டார்:

"அந்த வளவ என்ன செய்யிற? நல்ல விலைக்குக் கேக்கிறாங்க. வித்துப்போட்டுத் தங்கச்சிக்குப் புத்தளத்தில ஒரு வீடு கட்டிக் குடுப்பம். சும்மா கிடந்து என்ன?"

நியாயமான பேச்சு. அது உம்மாவின் சீதன வீடு. எங்கள் வழக்கப்படி மகளுக்குப் போக வேண்டியது. தங்கச்சியின் மாப்பிள்ளை லொறி ஓட்டுகிறார். இருப்பது வாடகை வீடு. நான் "யோசிப்பம்" என்றேன். யோசித்து யோசித்து மூன்று வருஷம் போனது.

இந்த நிலையில்தான் நாகூருக்குப் போகும் எண்ணம் வந்தது. உம்மம்மாவுக்கு நாகூரில் ஒரு நேர்ச்சை இருந்தது. அவவின் காலத்தில் யாழ்ப்பாணத்தவருக்கு நாகூர் தூரத்து ஊரல்ல, அக்கரை. பிறகு கடலை மூடிவிட்டார்கள். 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. நான் புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் போய், முதல் நாள் வளவையும் பார்த்துவிட்டுக் கப்பல் ஏறினேன். வீட்டில் மிஞ்சியிருப்பது நடு அறைச் சுவர் ஒன்றுதான், விளக்கு மாடத்தோடு. அதை ஒரு படம் எடுத்துக்கொண்டேன். காக்காவுக்கு அனுப்புவதற்கா, எனக்காகவா என்று அப்போது தெரியாது.

நாகூரில் நேர்ச்சையை நிறைவேற்றினேன். மறுநாள் கையில் ஒரு நாள் மிச்சமிருந்தது. தங்கியிருந்த இடத்தில் ஒருவர், "வடக்கே ஒரு மணி நேரத்துல தரங்கம்பாடி, போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றார். காரைக்காலைத் தாண்டிப் பஸ் போனது. அந்த ஊரில் எனக்கு என்ன காத்திருந்தது என்று ஏறும்போது தெரியவில்லை.

தரங்கம்பாடி டென்மார்க்குக்காரர் இருந்த ஊர். 1792இல் கட்டிய நகர வாசல் ஒன்று வெள்ளையாக நிற்கிறது. அதற்குள் நுழைந்தால் நேரே ராஜவீதி. இரண்டு பக்கமும் தூண் வைத்த வீடுகள், 1701இல் எழுந்த சீயோன் ஆலயம், 1718இல் கட்டிய புது எருசலேம் ஆலயம். வீதி முடிகிற இடத்தில் ஒரு வெளி. வெளிக்கு அப்பால் டான்ஸ்போர்க் கோட்டை. அதற்குப் பின்னால் கடல். அந்தக் கடலின் மறுகரையில், தெற்கே சுமார் 140 கிலோமீட்டரில், பருத்தித்துறை.

இவர்கள் முதலில் வந்தது எங்கள் தீவுக்குத்தான். 1616இல் கோபன்ஹேகனில் கம்பெனி தொடங்கினார்கள். 1618இல் ஓவே கெட்டே என்ற தளபதியின் கீழ்க் கப்பல்கள் புறப்பட்டன. 1620இல் இலங்கைக்கு வந்து, கண்டி மன்னன் செனரத்தோடு பேசி, திருகோணமலையில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அது நிலைக்கவில்லை. இதற்கிடையில் முன்னால் வந்த அவர்களுடைய கப்பல் ஒன்றைக் காரைக்கால் பக்கம் போர்த்துக்கேயர் அழித்துவிட, உயிர் தப்பியவர்கள் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவரோடு 1620 நவம்பரில் ஒப்பந்தம். அப்படித்தான் இந்த மீனவக் கிராமம் அவர்களுக்குக் கிடைத்தது, ஆண்டுக் குத்தகைக்கு. இங்கே 225 வருஷம் இருந்தார்கள். சீகன்பால்க் 1706இல் வந்திறங்கியதும், தமிழில் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சடித்து முடித்ததும் இந்த ஊரில்தான்.

கோட்டையைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கு எதிரே நின்ற வீடு. ஆளுநர் வீடு என்கிறார்கள். 1784 முதல் 1845 வரை டேனிஷ் ஆளுநர்கள் குடியிருந்த வீடு. நீளமான முன்விறாந்தை, வரிசையாகத் தூண்கள், உயரமான யன்னல்கள். எங்கள் ஊர்க் கண்ணால் பார்த்தால் ஒரு பெரிய இஸ்தோப்பு. செங்கல்லும் சுண்ணாம்பும்தான், கருங்கல் மாளிகை அல்ல. ஆனால் எங்கள் கணக்கில் அதுவும் கல்வீடுதான். ஆளுநர்கள் போன பிறகு அந்த வீடு கைவிடப்பட்டு, கூரை விழுந்து, மரம் முளைத்துக் கிடந்ததாம். இந்த நூற்றாண்டில் டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் வந்து பழைய முறைப்படியே திருத்திக் கொடுத்திருக்கிறது.

கூரை விழுந்து மரம் முளைத்து என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்குள் ஏதோ புரண்டது. உண்மையைச் சொல்வதென்றால், கோபம் வந்தது. அந்த வீட்டின்மேல் கோபம்.

இந்த வீட்டைக் கட்டியவர்கள் இந்த ஊருக்கு விருந்தாளிகள். வியாபாரத்துக்கு வந்தார்கள். வியாபாரம் படுத்தபோது, 1845இல், தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார்கள். கையெழுத்துப் போட்டார்கள், காசு வாங்கினார்கள், கப்பல் ஏறினார்கள். யாரும் அவர்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுக்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் வந்து, இது எங்கள் ஆட்கள் கட்டியது என்று திருத்துகிறார்கள். அதில் பிழையில்லை. நல்ல காரியம்தான். எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையும் அப்படித்தான். உள்ளே 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் 1990 சண்டையில் தரைமட்டமானது. யுத்தம் முடிந்ததும் நெதர்லாந்தின் உதவியோடு கோட்டைச் சுவர்கள் திருத்தப்பட்டன. வந்து போனவர்களின் கல்லுக்கு ஒரு நாடு இருக்கிறது. இருந்தவர்களின் கல்லுக்கு? எங்கள் சோனகத் தெருச் சுவரைத் திருத்த எந்தத் தேசிய அருங்காட்சியகம் வரும்?

முன்பு வாசித்த ஒரு செய்தியும் அப்போது நினைவுக்கு வந்து கோபத்தைக் கூட்டியது. நாயக்கர் டென்மார்க் அரசனுக்கு அனுப்பிய கடிதம் தமிழில், பொன் தகட்டில், ஓலை வடிவில் எழுதப்பட்டது. அந்தப் பொன்னோலை இன்றைக்கும் கோபன்ஹேகனில் அரச ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. அவர்கள் இந்த ஊருக்கு வந்ததற்கான எழுத்து பொன்னில், தமிழில் இருக்கிறது. உம்மா அந்த மண்ணில் பிறந்ததற்கான எழுத்து, ஒரு மூலை நனைந்த கடதாசியில், என் புத்தளத்து அலுமாரியில் கிடக்கிறது.

அந்தக் கடதாசியையாவது சட்டம் மதித்ததா என்றால், அதற்கும் கனகாலம் போனது. இலங்கையில் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் இன்னொருவரின் காணியில் பத்து வருஷம் தடையில்லாமல், தனக்கே உரியதென்று இருந்துவிட்டால் அதைக் கேட்கும் உரிமை அவருக்கு வந்துவிடும். அமைதியான காலத்தில் நியாயமான சட்டம்தான். ஆனால் துரத்தப்பட்டவனுக்குப் பத்து வருஷம் என்ன கணக்கு? 1990இல் போனவனுக்கு 2000இல் காணி போய்விடுமா? யுத்தத்தால் போக முடியாமல் இருந்த காலத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2016இல்தான் 5ஆம் இலக்க விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்துக்கு அது பொருந்தும். வழக்குப் போட இரண்டே வருஷ அவகாசம். எங்கள் வளவில் யாரும் உரிமை கோரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். தெருவில் எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. உறுதியைச் சந்தியில் பறிகொடுத்தவர்கள் எதைக் காட்டி வழக்குப் பேசுவார்கள்?

இப்படி மனதுக்குள் வழக்காடிக்கொண்டே பக்கத்துத் தெருவில் நடந்தேன். அங்கே ஒரு பழைய வீட்டின் பக்கச் சுவரில் ஒரு கொத்தனார் வேலை செய்துகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். தொப்பியைப் பார்த்து, "வாங்க பாய்" என்றார். தொட்டியில் தண்ணீருக்கடியில் வெண்ணெய்போல ஏதோ கிடந்தது. கேட்டேன்.

"கிளிஞ்சல் சுண்ணாம்பு பாய். நீத்து, சலிச்சு, தண்ணியிலயே கெடக்கணும். நாள் ஆக ஆக நல்லது. அவசரப்பட்டா வெடிச்சிரும்."

கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டு அரைப்பதையும், மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளை சேர்ப்பதையும், தேக்கு உத்திரத்தின்மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாகச் சாய்த்து அடுக்கி மெட்ராஸ் ஒட்டுப் போடுவதையும் விளக்கினார். டேனிஷ் வீட்டுக்கு என்று தனி வித்தை எதுவும் இல்லையாம். "அவங்க என்ன, கொத்தனாரக் கப்பல்லயா கொண்டாந்தாங்க? கட்டுனது எல்லாம் நம்ம ஊரு ஆளுங்கதான். இப்ப ரிப்பேர் பாத்ததும் நம்ம ஊரு ஆளுங்கதான்."

என் கோபத்தில் பாதி அந்த இடத்தில் இறங்கிவிட்டது. டென்மார்க்கிலிருந்து காசு வந்தது, வரைபடம் வந்தது, அக்கறை வந்தது. கை இங்கேதான் இருந்தது. 2004 ஆழிப்பேரலை இந்த ஊரை அடித்துப்போட்ட பிறகும் அந்தக் கை மிஞ்சியிருக்கிறது. வீட்டுக்காரன் யார் என்பதை விட, சுண்ணாம்பு நீற்றத் தெரிந்த ஒருவர் தெருவில் இருக்கிறாரா என்பதும் ஒரு வீட்டுக்கு முக்கியம்தான்.

கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். விளக்கு மாடத்தோடு நின்ற எங்கள் சுவர். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கல்லு நல்லா இருக்கே பாய். பூச்சுதான் போச்சு. எந்த ஊரு?"

"யாழ்ப்பாணம்."

"இடிச்சிராதீங்க. சிமெண்டும் பூசிராதீங்க. சிமெண்டு பூசினா செவுரு மூச்சு விடாது, உப்பு உள்ளயே நிக்கும், நாலு வருசத்துல பலகையாட்டம் கழண்டு விழுந்துரும். சுண்ணாம்புல பூசுங்க. இன்னும் நூறு வருசம் நிக்கும்." பிறகு படத்தைத் திரும்பத் தந்துகொண்டே கேட்டார்: "யாரு இருக்கா அங்க?"

"யாருமில்ல."

"ஆளு இல்லாட்டி எந்தச் சுண்ணாம்பும் நிக்காது பாய்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

ஊரின் பழைய பகுதிக்குள்ளேயே பள்ளிவாசல் இருக்கிறது. அசர் தொழுதேன். பக்கத்தில் நின்றவர் என் பேச்சைக் கேட்டு, "சிலோனா?" என்று விசாரித்துத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். கடற்கரையில் கொஞ்ச நேரம் இருந்தேன். என்னோடு படித்த தமிழ் நண்பன் ஒருவன் 1987இல் டென்மார்க் போனவன். ஹெர்னிங் பக்கம் இருக்கிறான். 1980களிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த ஈழத்தவர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பக்கத்து பிராண்டேயில் அபிராமி அம்மன் கோயிலே கட்டியிருக்கிறார்கள். அவனுக்கு ஆளுநர் வீட்டின் படத்தை அனுப்பினேன். உடனே எடுத்தான்.

"என்னடா, என்ர நாட்டுக்காரன்ர வீட்டுக்கு முன்னால நிக்கிறாய்!" என்று சிரித்தான். பிறகு சொன்னான்: "மச்சான், எனக்கு இஞ்ச செங்கல் வீடு. கடனும் முடிஞ்சுது. பேரப்பிள்ளை டேனிஷிலதான் கதைக்குது. ஆனா ஆரும் எந்த ஊர் எண்டு கேட்டா வாயில வாறது இன்னும் யாழ்ப்பாணம்தான். என்ர வீடு இருந்த இடம் கனகாலம் ஆமியின்ர முகாமுக்க கிடந்தது. உனக்கு ஒரு சுவராவது நிக்குது."

இதற்கு நான் என்ன சொல்வது? அவனும் நானும் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். அவனைத் துரத்தியது வேறு துவக்கு, என்னைத் துரத்தியது வேறு துவக்கு. இழப்பைத் தராசில் வைத்து நிறுக்க இரண்டு பேருக்கும் மனமில்லை. "அந்தச் சுவர வித்துப்போடாத" என்று மட்டும் சொன்னான். விற்பனைப் பேச்சு நடப்பதை நான் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

திரும்பும் கப்பலில் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது, வெட்கமாகவும் இருந்தது. காக்காவும் நானும் மூன்று வருஷமாகப் பேசினோம். வளவு விலை என்ன, புத்தளத்தில் காணி விலை என்ன, எவ்வளவு மிஞ்சும் என்று எல்லாம் கணக்குப் பார்த்தோம். யாருக்கு உரியதோ அந்தத் தங்கச்சியிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. அவளுக்கு அந்த வீடு ஞாபகமில்லை என்பதால், அவளுக்கு அதில் ஒன்றுமில்லை என்று நாங்களே தீர்மானித்துவிட்டோம். டேனிஷ்காரரின் விற்பனைப் பத்திரத்தில் அந்த ஊர்ச் சனத்தின் கையெழுத்து இருந்திருக்காது. நாங்கள் எழுத நினைத்த பத்திரமும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.

புத்தளம் வந்ததும் உறுதியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மேசையில் விரித்து வைத்தேன். மை கலங்கிய மூலையைக் காட்டி, "இது நீ செய்த வேலை" என்றேன். அவள் அந்தக் கதையைக் கேட்டிருக்கிறாள், கடதாசியைப் பார்த்ததில்லை. விரலால் தடவிப் பார்த்தாள். பன்னிரண்டு வயது மகள் எட்டிப் பார்த்து, "உம்மா, நீங்க இதில மூத்திரம் போனதா?" என்று கேட்கவும் வீடே சிரித்தது. சிரித்து முடிந்த பிறகு தங்கச்சி சொன்னாள்:

"காக்காமார் சொல்ற விலை நல்ல விலைதான். எனக்கு வீடும் வேணும்தான். ஆனா நான் தூக்கிட்டு வந்த உறுதி எண்டு சொல்றீங்களே, அந்த இடத்தில நான் ஒரு நாளும் படுத்து எழும்பினதா ஞாபகமில்ல. விக்கிறதுக்கு முதல் ஒருக்கா அங்க ஒரு ராவு இருந்து பாக்கணும்."

ஒரு இரவு இருக்க ஒரு கூரையாவது வேண்டும். காக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு அறை எடுக்க எவ்வளவு முடியும்?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டதே பெரிய காரியம். பழைய சுவரை இடித்துவிட்டு சீமெந்துக் கல்லில் கட்டினால் மலிவு என்றார். அதில் மட்டும் நான் இறங்கிப் போகவில்லை.

சென்ற மாதம் முருங்கையைத் தறித்தோம். கிணற்றை இறைத்தோம்; தண்ணீர் முன்போலவே இருந்தது. பள்ளிக்கு வந்த பெரியவர் ஒருவர் மூலம் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு மேசனைக் கண்டுபிடித்திருக்கிறோம். தமிழர், எழுபதைத் தாண்டியவர், இப்போது வேலைக்குப் போவதில்லை. வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் சொல்லித்தாறன், பூசிறது நீங்கள் பூசுங்கோ" என்றார். அயல்வீட்டு அம்மா தன் வளவில் சுண்ணாம்புத் தொட்டி வைக்க இடம் தந்திருக்கிறா. சுண்ணாம்பு இப்போது தண்ணீருக்கடியில் கிடக்கிறது. நாள் ஆக ஆக நல்லதென்று தரங்கம்பாடிக் கொத்தனார் சொன்னார்.

தங்கச்சி அங்கே போய் இருப்பாளா, பார்த்துவிட்டு விற்கச் சொல்வாளா என்று எனக்குத் தெரியாது. அவள் விற்கச் சொன்னால் விற்போம். அதில் அவளுடைய கையெழுத்து இருக்கும். அதற்கு முதல் நடு அறைக்குக் கூரை போட்டு, மாடத்தில் ஒரு விளக்கு வைக்க வேண்டும். மாடத்தின் மேல் விளிம்பில் இருக்கும் பழைய கரியை மட்டும் சுண்ணாம்பு பூசி மறைக்க வேண்டாம் என்று மேசனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.